கல்லிடைக்குறிச்சி கிராசிங்

காரில் போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. திருநெல்வேலியிலிருந்து குற்றாலத்துக்குக் கார் போகிற வழி ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி. வழிநெடுகப் பொட்டலும் பனையும் கல் ஏற்றிப் போகிற லாரியும்தான். ரயில் போகிற வழி வேறு. அது ஆற்றைப் பிடித்துக்கொண்டு சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊர் ஊராக நின்று, வயலையும் வாழையையும் பார்த்துவிட்டுத்தான் தென்காசி போய்ச் சேரும். கைலாசம் பிள்ளை பத்தொன்பது வருசமாகச் சீசனுக்குக் காரில்தான் போனார். பெண்டாட்டி அன்னத்தாய் பிறந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் அவர் சொல்லுவார். கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

டவுனில் வாகையடி முக்குக்குப் பக்கத்தில் அவருக்கு இரும்புக் கடை. எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார், சுரண்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். தொழில் அப்படி. பித்தளை முலாம் பூசி இரும்பைத் தள்ளிவிடுகிற பயல்கள் மலிந்த ஊர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு காந்தத் துண்டு கிடக்கும். கடையில் வைத்துக்கொள்ள வேண்டிய காந்தத்தை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினை.

மாமியார் செத்த மறு தைக்கு மச்சினன் பிரமநாயகம் பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல்படி அனுப்பியிருந்தான். அரிசி, மஞ்சள் குலை, கரும்பு, சேனை, சிறுகிழங்கு, கூட ஒரு வெண்கலப் பானை. அண்ணன்காரன் நேரில் வந்து வைக்க வேண்டிய படி. அறுப்பு நேரம் என்று வேலைக்காரனிடம் கொடுத்துவிட்டிருந்தான். கைலாசத்துக்கு அதிலேயே பாதி எரிந்தது. பானையைப் புரட்டினார், காந்தத்தை அடியில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. தெருவே கேட்க, "இரும்புக்கு முலாம் பூசி வெண்கலம்னு எனக்கேவா குடுத்தனுப்புதான்? இரும்புக் கடைக்காரனுக்கேவா?" என்று கத்தி, கரும்பு முதற்கொண்டு திருப்பி ஏற்றிவிட்டார். அன்னத்தாய் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் வண்டி தெரு முக்குத் திரும்பிவிட்டது.

அதோடு போக்குவரத்து அற்றது. மகள் சுகிர்தா கல்யாணத்தில் தாய்மாமன் மாலையைத் தூரத்துச் சொந்தத்தில் ஒருத்தன் போட்டான். படி திரும்பிப்போன அந்த வருசந்தான் கைலாசம் பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கினார்.

அந்தக் காரையும் அவர் நம்பவில்லை, ஓட்டின மணிராஜையும் நம்பவில்லை. மாதம் ஒரு நாள் சரக்கெடுக்க மதுரைக்குப் போவார். கார் தேயும் என்று பஸ்ஸில்தான் போவார். திரும்பி வந்து பார்த்தால் பெட்ரோல் குறைந்த மாதிரி இருக்கும். கிலோமீட்டர் முள் செத்துப் பல காலம், மாற்றினால் செலவு. ஆகையால் ஒரு மூங்கில் குச்சியைச் சீவி, டாங்கியில் விட்டுப் பார்த்து, நனைந்த இடத்தில் கோடு போட்டுவிட்டு மதுரைக்குப் போனார். பங்குனி மாசம் அது. மறுநாள் வந்து குச்சியை விட்டால் கோடு மேலே நிற்க, ஈரம் கீழே நின்றது.

"ஏலே மணிராஜ், நான் மதுரைக்குப் போயிட்டு வந்தா மட்டும் பெட்ரோல் எப்படிலே குறையுது? டாங்கிக்கு வேர்க்குதா?"

"தெரியல மொதலாளி."

"தெரியலயா? குச்சி பேசுதுலே. நீ வாயத் தொறக்க மாட்டங்க. வித்தியா, குடிச்சியா? அத மட்டும் சொல்லு."

மணிராஜ் ஒருதரம் வீட்டுக்குள்ளே பார்த்தான். பிறகு சாவியை எடுத்துக் காரின் மேல் வைத்தான்.

"வித்தேன் மொதலாளி."

"பாத்தியா! பாத்தியா!" என்று கைலாசம் துள்ளினார். தான் நினைத்தது சரியாகப் போச்சு என்பதில் அவருக்கு ஒரு நிறைவு. ஒரு டிரைவர் போனால் ஒன்பது டிரைவர் என்று இருந்தார். ஒருத்தனும் வரவில்லை. டாக்சி ஸ்டாண்டில் போய்க் கேட்டதற்கு, "குச்சி வச்சி அளக்குத வீடா? ஆள விடுங்க அண்ணாச்சி" என்று சிரித்தார்கள். சித்திரையில் கைலாசத்துக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கடையை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். பகல் முழுக்க அவர் நாற்காலியிலிருந்து வாசலைப் பார்ப்பார். அன்னத்தாயும் வாசலைப் பார்ப்பாள். இரண்டு பேரும் ஒரே வாசலைப் பார்த்தார்கள், பேச்சு ஒன்றும் கிடையாது.

ஆனி பிறந்து மேகாற்று அடித்தது. மலைப்பக்கம் கருத்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று பால்காரன் சொன்னான்.

"ரயில்ல போவமா?" என்றாள் அன்னத்தாய்.

அவள் எதையும் கேட்டுப் பல வருசமாகியிருந்தது. கைலாசம் யோசித்தார். ரயில் கல்லிடைக்குறிச்சி வழி போகும். போகட்டும். ரெண்டு நிமிசம் நிற்குமா? ஜன்னலைச் சாத்திக்கொண்டால் எந்த ஊராக இருந்தால் என்ன?

"சரி, போவோம். மூணு நாளு. சோத்த வீட்டுலருந்தே கட்டிரு. ரயில்ல ஒருத்தன் கையால ஒண்ணும் வாங்கித் திங்கக்கூடாது."

டவுன் ஸ்டேசனில் காலை பாசஞ்சர். மீட்டர்கேஜ் வண்டி, மரப் பலகை. கைலாசம் தகரப் பெட்டியையும் படுக்கையையும் பலகைக்கு அடியில் தள்ளி, கடையிலிருந்து கொண்டுவந்த சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். இரண்டு டிக்கெட்டும் அவர் பையில்தான். அன்னத்தாய் கையில் சாப்பாட்டுக் கூடையும் ஒரு தூக்குச் சட்டியும் இருந்தன.

"சட்டியில என்ன?"

"உளுந்தங்களி."

"குத்தாலத்துக்குக் களி எதுக்கு?"

"குளிருக்கு இடுப்புக்கு நல்லது."

எதிர்ப் பலகையில் ஒரு சாயபு வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு மேசைக் காற்றாடி, புதுசு, காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, காலக் கொஞ்சம் மடக்குங்க. காத்தாடிக்கு எடம் வேணும்."

"காத்தாடிக்கு டிக்கெட் எடுத்தீரா வே?"

"கைப்புள்ளைக்கு எதுக்கு அண்ணாச்சி டிக்கெட்டு? மடியிலதான வச்சிருக்கேன்."

அன்னத்தாய் சிரித்துவிட்டாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரித்தாள். அவள் சிரித்துக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று கைலாசத்துக்கு நினைவில்லை. சிரிக்க வைக்கிறவனை நம்பக்கூடாது என்று மட்டும் தோன்றியது. கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்தார்.

சாயபு பேர் நூர்முகம்மது. பேட்டையில் மரக்கடை. தங்கச்சி மகளுக்கு நிக்காஹ், ரவணசமுத்திரத்தில்.

"மாமன் மொறைக்கி எல்லாரும் நகை செய்வாங்க. நம்மகிட்ட ஏது? காத்தாடி வாங்கிட்டேன். புள்ள வேர்வையில தூங்க வேண்டாம்லா, என்ன அம்மா?"

"நல்ல காரியந்தான்" என்றாள் அன்னத்தாய். "மாமன் வந்து நின்னாலே போதும். வெறுங்கையோட வந்தாக்கூடப் போதும்."

கைலாசம் தொண்டையைச் செருமினார்.

சேரன்மகாதேவி தாண்டியதும் வாய்க்கால் கூடவே வந்தது. கார் பருவத்து நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. தொழி கலக்கிய சேற்று வயலில் பொம்பிளைகள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நடந்தபடி நட்டுப்போனார்கள். ஒருத்தன் வரப்பில் நின்று நாற்றுமுடியை எறிந்தான், அது சொல்லிவைத்த மாதிரி கைக்கு எட்டுகிற இடத்தில் போய் விழுந்தது. சேற்று மணம் பெட்டிக்குள் வந்தது. அன்னத்தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை அதில் ஒட்டவைத்திருந்தாள்.

"கன்னடியன் வாய்க்கால்ல தண்ணி விட்டுட்டான். பள்ளத்து வயல்ல தண்ணி நிக்கி பாருங்க" என்றாள். அவருக்கா, சாயபுக்கா, யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

வீரவநல்லூரில் கூடையைத் திறந்தாள். மிளகாய்ப்பொடி தடவின இட்லி, வாழையிலையில் கட்டினது. நூர்முகம்மதுக்கும் ஒரு பொட்டலம் நீட்டினாள். அவர் காற்றாடியைப் பலகையில் இறக்கி வைத்துவிட்டு, "பொடியில எள்ளு வறுத்துப் போட்டிருக்கிய. எங்க வீட்டுல இத மட்டும் செய்ய மாட்டங்கா" என்று ரசித்துத் தின்றார். களிச் சட்டியை அன்னத்தாய் திறக்கவில்லை. மடியிலேயே வைத்திருந்தாள்.

வீரவநல்லூரிலிருந்து வண்டி கிளம்பியதும் கைலாசம் எழுந்து, "தள்ளு, சாரல் அடிக்கி" என்று ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்து ஷட்டரை இறக்கினார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நூர்முகம்மது ஷட்டரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

கல்லிடைக்குறிச்சியில் வண்டி நின்றது. கைலாசம் மனசுக்குள் எண்ணினார். இதோ ஊதுவான், இதோ எடுப்பான். எடுக்கவில்லை. பிளாட்பாரத்தில் ஒருத்தன் சொல்லிக்கொண்டு போனான்: "கிராசிங்காம்! செங்கோட்ட வண்டி வந்தாத்தான் எடுப்பானாம்!" ஆட்கள் இறங்கிச் சோம்பல் முறித்தார்கள். நூர்முகம்மது டீ குடிக்க இறங்கினார்.

அன்னத்தாய் எழுந்தாள். தூக்குச் சட்டியைக் கையில் எடுத்தாள்.

"எங்க?"

"அண்ணனப் பாக்கப் போறேன்."

"எந்த அண்ணன்?"

"எனக்கு எத்தன அண்ணன் இருக்கான்?"

"ஏளா, இரி. வண்டி எடுத்துருவான்."

"எடுக்கட்டும். அவனுக்கு ரெண்டு வருசமா வாதம். ஒரு பக்கம் விழுந்துட்டு. வாயி கோணிட்டு, பேச்சு வராது. மெல்ல முடியாது. களின்னா முழுங்குவான்."

கைலாசத்துக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. "உனக்கு ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல. நானே வந்து பாத்தேன். நீங்க மதுரைக்குப் போற அன்னைக்கெல்லாம் மணிராஜ் என்ன இங்கன கூட்டிட்டு வந்தான். ஊட்டிட்டு, வாயத் தொடச்சி விட்டுட்டு, சாயந்தரம் வெளக்கு வைக்கதுக்குள்ள திரும்பிருவேன். அவன் பெட்ரோல் விக்கல."

கைலாசம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"பொறவு ஏன் வித்தேன்னான்?"

"நான் கதவுக்குப் பின்னால நின்னேம்லா. பாத்துட்டான். என்னக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு கள்ளன் பேரு எடுத்துட்டுப் போனான். நானும் வாயத் தொறக்கல. பயந்துட்டேன். உங்க வீட்டுக்கு வந்த நாள்லருந்து பயந்துட்டுத்தான இருக்கேன்."

"அந்தப் பானைக்காரனுக்கா நீ..."

"அது எங்கம்ம பானை." அவள் குரல் ஏறவில்லை. "ஓட்ட விழுந்துட்டுன்னு கொல்லன் உள்ள ஒரு இரும்புத் தகட்ட வச்சு அடிச்சு ஈயம் பூசிக் குடுத்தான். அந்தப் பானையிலதான் அவ சாவுத வரைக்கும் பொங்குனா. எம் மகளுக்குப் போவட்டும்னு சொல்லிட்டுச் செத்தா. அத அண்ணன் குடுத்தனுப்புனான். நீங்க காந்தம் வச்சுப் பாத்திய."

கைலாசம் ஷட்டரைப் பார்த்தார். அதன் சட்டங்களுக்கு நடுவே வெயில் கீற்றுக் கீற்றாக அவர் வேட்டியில் விழுந்திருந்தது.

"இத்தன வருசமா சொல்லல நீ."

"கேட்டியளா?"

சட்டியைக் கை மாற்றிக்கொண்டு அவளே சொன்னாள்: "வாங்க. ரெண்டு பேருமாப் போவோம். அவன் ஒண்ணும் கேக்க மாட்டான். கைய மட்டும் தூக்குவான்."

"படியத் திருப்பி அனுப்புன வீட்டுக்குள்ள எந்த மூஞ்சியோட போவேன்? வாங்கன்னு ஆரு சொல்லுவா என்ன?"

"நான் சொல்லுதேன். நான் மொதல்ல உள்ள போயி, திரும்பி நின்னு, வாங்கன்னு கூப்பிடுதேன். போதுமா?"

அவர் வாய் என்னவோ சொல்ல வந்தது. வந்தது இதுதான்: "சாமானெல்லாம் கெடக்கு."

அன்னத்தாய் பலகைக்கு அடியில் பார்த்தாள். சங்கிலி மூன்று சுற்று சுற்றிப் பூட்டியிருந்தது.

"சரி" என்றாள். "நான் எப்ப வருவேன்னு தெரியாது. அவன் இருக்குத வரைக்கும் இருப்பேன்."

இறங்கிவிட்டாள். கைலாசம் ஷட்டரை அரைவாசி தூக்கிப் பார்த்தார். டிக்கெட் என்னிடம் இருக்கிறது, எப்படி வெளியே போவாள், கேட்டில் மறிப்பான், திரும்பி வருவாள் என்று கணக்குப் போட்டார். கேட்டில் டிக்கெட்டை வாங்கிக்கொள்ள நின்ற ரயில்வேக்காரர் நரைத்த ஆள். அவளைப் பார்த்ததும், "பிரமநாயகம் தங்கச்சில்லா? வாம்மா, வா. அண்ணனுக்கு எப்படி இருக்கு?" என்று வழிவிட்டார். டிக்கெட் கேட்கவே இல்லை. பச்சைச் சேலை, தூக்குச் சட்டி, கொஞ்சம் சாய்ந்த நடை. புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போனதும் தெரியவில்லை.

நூர்முகம்மது டீயோடு வந்து, காலி இடத்தைப் பார்த்தார். "அம்மா எங்க?"

"எறங்கிட்டா. அவ ஊரு."

"நீங்க எறங்கலியா?"

"சாமான் கெடக்குல்லா வே?"

சாயபுக்குப் பாதி புரிந்தது. பாதி போதும் அவருக்கு. டம்ளரைப் பலகையில் வைத்தார்.

"அண்ணாச்சி, நீங்க போங்க. ஓடுங்க. சாமான நான் பாத்துக்கிடுதேன். சாவியக் குடுங்க. ரவணசமுத்திரத்துல ஸ்டேசன் மாஸ்டர் நமக்குப் பழக்கம். அவர்ட்ட ஒப்படைச்சிருதேன். நாளைக்கோ நாளக் கழிச்சோ வந்து எடுத்துக்கிடுங்க. அல்லா மேல ஆணையா ஒண்ணும் ஆவாது."

கைலாசம் எழுந்தார். கை அரைஞாண் கயிற்றுக்குப் போனது. சாவி தட்டுப்பட்டது. அவிழ்த்தும் விட்டார். உள்ளங்கையில் சாவியை வைத்துக்கொண்டு நூர்முகம்மதுவின் முகத்தைப் பார்த்தார். வெற்றிலைக் கறை பிடித்த பல், ஒட்டின கன்னம், நாலு நாள் தாடி. நல்லவன் மாதிரித்தான் இருந்தான். நல்லவன் மாதிரி இருக்கிறவன் எத்தனை பேரைக் கடையில் பார்த்திருக்கிறார்! பெட்டிக்குள் என்ன கிடக்கிறது? நாலு வேட்டி, அவள் சேலை இரண்டு, எண்ணெய்ப் புட்டி, ஒரு போர்வை. போனால் மயிரே போச்சு. அது அவருக்கும் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் நின்றார்.

செங்கோட்டை வண்டி தடதடவென்று உள்ளே வந்தது. இந்த வண்டி ஊதியது.

"அண்ணாச்சி!" என்றார் நூர்முகம்மது, கையை நீட்டியபடி.

வண்டி அசைந்தது. புளியமரம் பின்னால் போயிற்று. கைலாசம் உள்ளங்கையை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆற்றுப் பாலத்தில் வண்டி சத்தம் மாறியது. கீழே தண்ணீர் கல்லுக்குக் கல் பிரிந்து ஓடியது, துறையில் யாரோ துணியை அடித்துக்கொண்டிருந்தார்கள். அடி விழுந்து கொஞ்சம் பொறுத்துத்தான் சத்தம் வந்தது. நூர்முகம்மது காற்றாடியை மடியில் எடுத்து வைத்து, அதன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ரவணசமுத்திரத்தில் இறங்கும்போது படியில் நின்று சொன்னார்:

"சாயந்தரம் இதே வண்டி திரும்பும் அண்ணாச்சி."

"அது எனக்குத் தெரியாதாக்கும்?"

"கோவிச்சுக்கிடாதிய. சொல்லணும்னு தோணுச்சு."

தென்காசியில் இறங்கினவர் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினார். வழக்கமாகத் தங்குகிற சத்திரத்துக் காவல்காரன் இரண்டு பாயும் இரண்டு வாளியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அம்மா பின்னால வாராகளா? காரு எங்க நிக்கி?" என்றான். கைலாசம் ஆமாம் என்கிற மாதிரியும் இல்லை என்கிற மாதிரியும் தலையை ஆட்டினார். கூடையில் மிச்சமிருந்த புளிச்சோற்றை இலையில் வைத்துப் பாதி தின்றார். உப்பு சரியாக இருந்தது, புளி சரியாக இருந்தது. மீதியைப் பொதிந்து கூடையிலேயே வைத்தார்.

சாயந்தர வண்டிக்குப் போய்விடலாம். போகலாம்தான். வாசலில் நின்று வாங்க என்று கூப்பிடுகிறேன் என்றாளே. ரயிலில் சொன்னாள், சரி. அண்ணன் கிடக்கிற கிடையைப் பார்த்த பிறகும் அந்த வாய் கூப்பிடுமா? கூப்பிடாமல் போனால்? அந்தத் தெருவில், பார்க்கிறவன் பார்க்க, வெறுமனே நிற்க முடியுமா? ஒரு சொல்லைத் தட்டிப் பார்க்கவும் முடியாது, சுரண்டிப் பார்க்கவும் முடியாது. இதையே திருப்பித் திருப்பி நினைத்ததில் பொழுது சாய்ந்துவிட்டது.

துண்டை எடுத்துக்கொண்டு பேரருவிக்குப் போனார். ஆம்பிளைகள் பக்கம் எண்ணெய் வழுக்கலும் கூச்சலுமாக இருந்தது. தலையைக் கொடுத்தார். தண்ணீர் முதுகில் அடித்தது. குளித்த மாதிரியும் இல்லை, குளிக்காத மாதிரியும் இல்லை. வெளியே வந்து ஈரவேட்டியோடு நடந்தவர், கால் கொண்டுபோன இடத்தில் நின்றார். பொம்பிளைகள் குளிக்கிற பக்கத்திலிருந்து வெளியே வருகிற படி அது. வீட்டுக்காரிகளை உள்ளே அனுப்பிவிட்டு ஆம்பிளைகள் துண்டும் கையுமாகக் காத்து நிற்பார்கள். சாரல் முகத்தில் தூவிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு வாலிபன், திசையன்விளைப் பக்கத்து ஆள் போல, இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு நின்றான். குழந்தை அழுதது.

"பாருங்க அண்ணாச்சி, அஞ்சு நிமிசம்னுட்டுப் போனா. அருவிய அப்படியே ஊருக்கு எடுத்துட்டு வந்துரலாம்னு நிக்கா போல." அவன் குழந்தையைத் தோள் மாற்றினான். "உங்க வீட்டுலயும் உள்ளதானா?"

"ஆமா" என்றார் கைலாசம்.

"பொம்பளையளுக்குத் தண்ணியக் கண்டா அப்படித்தான். நம்ம பாடுதான் இங்கன நனஞ்சுக்கிட்டு."

"ஆமா."

கொஞ்ச நேரத்தில் அவன் பெண்டாட்டி பல் கிடுகிடுக்க வந்தாள். "ஏளா, வெறைச்சுக்கிட்டுல்லா வார? இன்னும் ரெண்டு நாளு நின்னுட்டு வரவேண்டியதான?" என்று ஏசிக்கொண்டே அவன் துண்டை அவள் தலையில் போட்டான். அவள் சிரித்துக்கொண்டு குழந்தையை வாங்கினாள். நாலடி நடந்தவன் திரும்பிப் பார்த்தான்.

"உங்க வீட்டுல இன்னும் வரலியா அண்ணாச்சி? இருட்டப் போவுதே."

"வருவா. நீ போடே" என்றார் கைலாசம்.

அவர்கள் போனார்கள். படியில் ஒருத்தி வந்தாள். பின்னால் இன்னொருத்தி வந்தாள். ஒவ்வொரு தலை தெரியும்போதும் அவர் கொஞ்சம் விலகி வழிவிட்டு, மறுபடி அதே இடத்தில் போய் நின்றுகொண்டார்.